அவள் பையில் வந்த பொரி

ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மண்ணில் மக்கிப்போகும் பைகள் செய்கிறோம். மக்காச்சோள ஸ்டார்ச்சை, மக்கக்கூடிய பாலிமரோடு சேர்த்து உருக்கி, குமிழாக ஊதி எடுக்க வேண்டும். சொல்வது சுலபம். ஸ்டார்ச் தண்ணீரை இழுக்கும், பாலிமருக்குத் தண்ணீரே ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்துக் குடித்தனம் நடத்த வைப்பதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

போன வருஷம் சேலத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். வந்த அன்றே என்னை “அக்கா” என்றாள். என்னைவிட அப்படியொன்றும் சின்னவள் இல்லை. அதிலேயே எனக்கு எரிய ஆரம்பித்தது.

புதிதாக ஒரு ஊதும் மிஷின் வரப்போகிறது, அதன் பொறுப்பை எங்கள் இருவரில் யாருக்குக் கொடுப்பது என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குத்தான் என்று லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நான் ஸ்டார்ச், கிளிசரின், பாலிமர் எல்லாவற்றையும் ஒன்றாகவே கொட்டிவிடுவேன். அவள் ஸ்டார்ச்சையும் கிளிசரினையும் மட்டும் முதலில் பிசைந்து, மூடி ஊறவைத்து, உருக்கிக் குருணையாக்கி, அப்புறம்தான் பாலிமரோடு சேர்த்தாள்.

“இட்லிக்கா ஊறவெக்கிறே?” என்று கேட்டேன். சிரித்தாள்.

என் கலவையில் குமிழ் ஆளுயரம் எழுவதற்குள் ஓட்டை விழும். அவளுடையது கூரை வரைக்கும் ஆடாமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே.

ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பை பொரிகடலை கொடுப்பது வழக்கம். “இந்த வாட்டி நம்ம பையிலயே போட்டுக் குடுங்கம்மா” என்றார் முதலாளி. நம்ம பை என்றால் அவளுடைய பை. அதை அவளே கட்டி என் கையில் கொடுத்தாள். “வீட்டுல எல்லாருக்கும் குடுங்கக்கா.”

யாருக்கும் கொடுக்கவில்லை. சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஸ்டார்ச்சின் புத்தி எனக்குத் தெரியாதா? விஜயதசமி காலையில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். சவசவவென்று நமத்துப்போயிருந்தது. எந்தப் பலகாரமும் எனக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

“நமத்த பொரியத் தின்னுட்டு எதுக்குடி சிரிக்கிறே?” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் அந்தப் பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “நான் குத்தம் சொல்லல சார், ஆனாக்கா...” என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முதலாளியின் அறைக் கதவைத் திறந்தால், உள்ளே எனக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் அவளுடைய பொரி.

“பொரிக்கெல்லாம் என் பை ஆகாதுங்க சார். ஈரம் உள்ள வந்துருது. காய்கறிக்கு மட்டும் குடுக்கலாம். கலவைய மாத்திப் பாக்கறனுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பி, “உங்களுதும் நமத்துப்போச்சுங்களாக்கா?” என்றாள்.

“தன் பைக்குத் தானே குத்தம் சொல்றவங்க கையிலதான் புது மிஷினு இருக்கணும். அஷ்டே, அவ்வளவுதான்” என்றார் முதலாளி.

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் நான் கண்டுபிடித்த ஒரே குறை அது. அதையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள்.