நாலாம் குழாயில் நல்ல தண்ணீர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது நடந்தது. ரஹாங் ஊரில் ரேச்சலைத் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் இன்றைக்கும் அவள் கிணற்றுப் பக்கம் போகமாட்டாள்.

நிலத்தடித் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. கோலா சாவா பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பெட்ரோல் நிலையம். மண்ணுக்குள் புதைத்த டாங்கி பல வருஷமாகக் கசிந்துகொண்டிருந்தது. கசிவு எதுவரை போகிறது என்று பார்க்க, சுற்றிலும் நாலு இடத்தில் குழாய் இறக்கியிருந்தார்கள். மூன்றில் மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் நாற்றம். நாலாவது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் இருப்பது... சுத்தம். வந்த இரண்டு தடவையும் சுத்தம்!

அந்த லயத்தில் புஷ்பவள்ளி இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். தோட்டத்தை விற்றதும் வீட்டுக்கு வந்த குழாய்த் தண்ணீரை வெட்டிவிட்டார்கள். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் பழைய கிணறுதான். கிணற்றுத் தண்ணீர் சோதனைக் கணக்கில் வராது. நாலாம் குழாயில் பெட்ரோல் தெரிந்தால்தான் கிணற்றை மூடி வேறு தண்ணீர் கொடுப்பார்கள். இந்தத் தடவையும் சுத்தமென்றால் சோதனையே நின்றுவிடும். பிள்ளைகள் விஷத்தைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ரேச்சலின் சந்தேகமெல்லாம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சசிதரன் மேல். வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பான். ராத்திரியில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறான், திருட்டுப் பயல்! அதனால் போன தடவை குழாயின் மூடிக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். உச்சி வேளை. காற்று நின்றுபோயிருந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அதன்மேல் சிலந்தி பின்னிய வலைகூடக் கலையவில்லை.

தண்ணீர் மொள்ளும் ஒல்லிக் குழலைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

சளப்... சளப்...

கீழே யாரோ தண்ணீரை அடிக்கும் சத்தம்.

கயிறு ஒரு சுண்டு சுண்டியது.

குழாயின் அகலம் மூன்று விரல்கூட இருக்காது. உள்ளே யார்?

மாதாவே...

இழுத்தாள். தெளிந்த தண்ணீர். ஜில்லென்று இருந்தது.

போட்டது போட்டபடி லயத்துக்கு ஓடினாள். புஷ்பவள்ளி கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"என்ன மிஸ், இப்படி வேர்த்துக் கெடக்கு? இருங்க, தண்ணி தரேன்."

வாளியை இறக்கினாள். சளப், சளப். பிறகு கயிற்றை ஒரு சுண்டு.

அதே சத்தம், அதே சுண்டு.

"ஏன்க்கா அப்படி அடிக்கிறீங்க?"

"மேல எண்ணெ மெதக்குது லா. அடிச்சு ஒதுக்கிட்டு அடியில மொள்ளணும். எங்க மங்கம்மா அக்கா பழக்குனது. வந்தவங்களுக்கு நாறுன தண்ணி குடுத்தா அவளுக்குப் பொறுக்காது."

ரேச்சல் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. திரும்பி நடந்தாள். சசிதரன் மேல் இருந்த சந்தேகம் இப்போது குழாய்க்குள்ளே இருப்பவர் பக்கம் போயிருந்தது. அதை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள்...

குழாயின் வாயருகே குனிந்தாள்.

"யாரா இருந்தாலும் சரி... எனக்கு நல்ல தண்ணி வேணாம். புள்ளைங்க குடிக்கிறத அப்படியே குடுங்க."

புதுக் குழலை இறக்கினாள்.

சத்தமில்லை.

கயிறு அசையவில்லை.

இழுத்தாள்.

பெட்ரோல்... முக்கால்வாசி பெட்ரோல்!

அடுத்த மாதமே கிணற்றை மூடினார்கள். லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ரேச்சல் ஒரு டின் பிஸ்கட்டோடு புஷ்பவள்ளியைப் பார்க்கப் போனாள்.

"மங்கம்மா அக்கா எங்க? பாக்கணும்."

புஷ்பவள்ளியின் முகம் மாறியது.

"அக்கா செத்து மூணு வருஷம் ஆச்சே மிஸ். ஒரு மத்தியானம் யாரோ தாகம்னு வந்தாங்க. கிணத்துல குனிஞ்சு எண்ணெய ஒதுக்கிக்கிட்டு இருந்தா. நெடி ஏறி, மயங்கி உள்ள விழுந்துட்டா."

புஷ்பவள்ளி பிஸ்கட் டின்னைக் கீழே வைத்தாள்.

"தூக்கினப்போகூட கயித்த விடல. வாளியும் கூடவே வந்துச்சு. நெறைய தண்ணி மிஸ். ஒரு பொட்டு எண்ணெ இல்ல."