ஃப்ரைபுர்க் போகும் ரயிலும் சாமிப் படத்தடியில் இருந்த பாஸ்போர்ட்டும்

போன செப்டம்பரில் பன்னிரண்டு நாள் சுவிஸுக்குப் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில், என் பெரியண்ணாவுக்கு இருதய ஒப்பரேஷன் என்று திகதி வைத்திருந்தார்கள். அவரை நேரில் கண்டு இருபத்தொன்பது வருஷம். தியேட்டருக்குள் கொண்டு போவதற்கு முன் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

தங்கச்சி வதனி சுவிஸின் பாசலில் இருக்கிறாள். அழைப்புக் கடிதம் அவளுடையது, கூடுதல் நாள் தங்குவதும் அவளிடம். ஆகவே விசாவுக்கும் சுவிஸுக்கே விண்ணப்பித்தேன். எந்த நாட்டில் கூடுதல் நாள் நிற்கிறீர்களோ அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, ரூபாயில் கட்டினேன். முப்பதாயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கூற்று, பத்து விரல் அடையாளம் எல்லாம் கேட்டார்கள். நானும் வதனியும் கூடப்பிறந்தவர்கள் என்று காட்டக் கொழும்பு நீதிமன்றப் பக்கம் புதுக்கடையில் இரண்டு பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பதினெட்டாம் நாள் விசா வந்தது. ஒரு தடவை மட்டும் நுழையலாம் என்று போட்டிருந்தார்கள்.

அந்த ஒரு தடவைதான் என் நித்திரையைக் கெடுத்தது. நான் இருக்கும் வெள்ளவத்தையில் விசா ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பேக்கரி வரிசையில் நின்ற ஒருவர், ஜெர்மனிக்குள் கால் வைத்தால் விசா முடிந்துவிடும், திரும்பச் சுவிஸுக்குள் வரவிடமாட்டார்கள் என்றார். அது பிழை. சுவிஸும் ஜெர்மனியும் சேர்ந்த ஷெங்கன் நாடுகளுக்குள் எத்தனை தரமும் போய் வரலாம். இங்கிலாந்து மாதிரி ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடு ஒன்றுக்குப் போய்த் திரும்பினால்தான் இரண்டாவது நுழைவு. இதைத் தூதரகத்தின் இணையத்தளத்தில் மூன்று தரம் வாசித்தேன். வாசித்தும் பயம் போகவில்லை.

வதனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக என் பாஸ்போர்ட்டை வாங்கிச் சாமிப் படத்தடியில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் சனம் பாஸ்போர்ட்டை அப்படித்தான் வைக்கும். "சின்னண்ணா, வெளியில கொண்டு திரியாதேங்கோ. துலைஞ்சால் பிறகு தூதரகத்துக்கு அலையவேணும். நாங்கள் கிழமைக்குக் கிழமை அங்காலை ஜெர்மனிக்குச் சாமான் வாங்கப் போறனாங்கள், ஒருத்தரும் மறிக்கிறேல்லை," என்றாள். அவளிடம் சுவிஸ் அடையாள அட்டை இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. ஒரு போட்டோக்கொப்பியை மடித்துத் தந்தாள்.

ஒப்பரேஷன் நாள் அவளுக்கு வேலை. நான் தனியாக எட்டேகால் ரயிலில் ஏறினேன். ஃப்ரைபுர்க் கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர், விரைவு ரயிலில் முக்கால் மணித்தியாலம். ஒன்பதரைக்கு அண்ணாவின் கட்டிலடியில் நிற்கலாம், பதினொன்றுக்குத்தான் ஒப்பரேஷன். ஆறே நிமிஷத்தில், பாசலுக்குள்ளேயே இருக்கும் ஜெர்மன் நிலையத்தில் ரயில் நின்றது. இரண்டு பொலிஸார் ஏறினார்கள். பெட்டியில் எத்தனையோ பேர் இருக்க, நேரே என்னிடம் வந்தார்கள்.

பாஸ்போர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் இலங்கை ஐசியை எடுத்து நீட்டியது. அதோடு நிற்கவில்லை. "மாத்தயா, மே மகே ஐசி எக்க," என்றேன். ஐயா, இதுதான் என் அடையாள அட்டை என்று, ஒரு ஜெர்மன்காரரிடம், சுத்தமான சிங்களத்தில். யுத்த காலத்தில் கொழும்பின் காலி வீதிச் சோதனைச் சாவடிகளில் படித்த பாடம் நாக்கை விட்டுப் போகவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது.

கொப்பி செல்லாது என்று இறக்கிவிட்டார்கள். ஒரு சின்ன இயந்திரத்தில் விரலை வைக்கச் சொன்னார்கள். கொழும்பில் கொடுத்த அதே விரல். விசா இருப்பது திரையில் வந்தது. ஆனாலும் மூலப் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்று மரியாதையாகவே சொன்னார்கள். நாற்பது நிமிஷம் அதிலேயே போனது. பெயரை எழுதிக்கொண்டபோது, இனி விசாவே தரமாட்டார்களோ என்று பயந்தேன். டிராமில் இருபது நிமிஷம் வீட்டுக்கு, இருபது நிமிஷம் திரும்ப, அடுத்த விரைவு ரயிலுக்குக் காத்திருப்பு. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பதினொன்றே முக்கால். கட்டில் வெறுமையாக இருந்தது.

ஐந்து மணித்தியாலம் அந்த நடைபாதையில் இருந்தேன். பழசெல்லாம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அண்ணா ஐசியை மேசையில் மறந்துவிட்டுக் கடைக்குப் பாண் வாங்கப் போனார். சந்தியில் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு செருப்பும் போடாமல் ஓடினேன். மாலைதான் விட்டார்கள். ஆறு மாதத்தில் அவர் நாட்டை விட்டுப் போனார். இத்தனையும் தெரிந்த நான், பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு எல்லைக்குப் போயிருக்கிறேன். உள்ளே அவருக்கு ஏதும் ஆனால் என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்று நினைத்தேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள்தான் கதைக்க விட்டார்கள். வதனி எல்லாவற்றையும் முதலே சொல்லியிருந்தாள். அண்ணா முகத்தில் பாதி தாடி, நரைத்துவிட்டார். மெல்லக் கண் திறந்து, "பாஸ்போட் எடுத்தனியோ?" என்றார். காட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு நீ ஓடி வந்தனி. நேற்று உனக்குக் கொண்டு வந்து தர ஏலாமல் நான் கிடந்திட்டன்." இரண்டு பேரும் அழுதோம்.

போகிறவர்களுக்கு: ஷெங்கனுக்குள் எல்லை தெரியாது, ஆனால் சோதனை இருக்கிறது, எங்கள் நிறத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. பாஸ்போர்ட், காப்புறுதி, அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட் நான்கும் உடம்போடு இருக்கட்டும். முக்கியமான நாளென்றால் முதல் நாளே எல்லை தாண்டிவிடுங்கள். விதிகள் மாறும், பேக்கரி வரிசையை நம்பாமல் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

அண்ணா இப்போது தினமும் அரை மணித்தியாலம் நடக்கிறார். நடந்தபடியே எனக்கு அழைப்பார். கடைக்குப் போகிறேன் என்று நான் சொன்னால் அங்கிருந்து ஒரே கேள்விதான்.

"எடுத்தனியோ?"

"ஓம் அண்ணா, எடுத்தனான்."