பூ விழுந்த பக்கமும் மாமாவின் கையெழுத்தும்

அக்கா நெட்டுக்குப்பத்தில், கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டில் பிறந்தார். சில வருடம் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். முதலில் வந்தவருக்கு அறிவும் பக்தியும் சேர்ந்தே கிடைத்துவிட்டன. பின்னால் வந்தவனுக்கு வாய் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த வாயை நம்பித்தான் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதலாண்டு நினைவுக்கு வந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். இதை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். துக்கத்தில் கிழித்தேன் என்று நினைத்து மரியாதை எதுவும் கொடுத்துவிட வேண்டாம். பாதிதான் துக்கம், மீதி பயம். என்ன பயம் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா கழிமுகத்தில் இறால் பிடித்தவர். தண்ணீர் நிறம் மாறி இறால் குறைந்துகொண்டே வந்த காலத்தில், அம்மன் ஆத்தாளுக்கு நம் மேல் கோபம் என்று குப்பமே சொன்னது. அக்கா ஒருவர்தான், "அது கெடக்கட்டும், தண்ணில இன்னா கலந்துகீது?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. ஆத்தாளுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரமும் ஏற்றினார், எண்ணூரில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கி வேதியியலும் படித்தார். அம்மாவின் மீன்கூடை வாசனை புத்தகத்தில் ஒட்டிக்கொண்டதென்று கூடப் படித்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அக்கா அவர்களுக்கும் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்ததும் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பது. கோயிலிலிருந்து நேராக வேலைக்குப் போகும் நாட்களில் நெற்றியில் குங்குமம் இருக்கும், அது சோதனைத் தண்ணீரில் கலந்துவிடக் கூடாதென்று கையை மட்டும் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார். அக்காவின் சமயமும் அறிவியலும் இவ்வளவுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது நான் பகுத்தறிவுக் கூட்டங்களில் மைக் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காசிமேட்டில் விசைப்படகு என்ஜின்களைப் பழுது பார்க்கும் மாமாவை அக்கா மணந்துகொண்டார். மாமா அதிகம் பேச மாட்டார். என்ஜின் பேசினால் போதும் என்று இருப்பவர். ஆகவே வீட்டில் வாதம் செய்ய ஆள் கிடைக்காமல், அக்கா வேலை முடிந்து திருவொற்றியூரில் இருக்கும் என் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வந்துவிடுவார். டீ வரும், கடவுளும் வருவார்.

"இன்னாக்கா, கண்ணுக்குத் தெரியாதத நம்புறியே, உங்க லேபுல இத ஒத்துப்பாங்களா?"

"லேபுல சாமியப் பத்தி யாருடா கேட்டாங்க? தண்ணியப் பத்தி கேக்குறாங்க. தண்ணிக்கு சோதனை கீது, பண்றேன்."

"அப்ப சாமிக்கு?"

"சாமிக்கு சோதனை இல்ல. அதனால ரிசல்ட்டும் எழுத மாட்டேன். ஆத்தாகிட்ட நான் அழுவுறதுக்குப் போறேன், ரிசல்ட்டு வாங்கப் போவல."

"அழுதா இன்னா பண்ணுவா? ஒண்ணும் பண்ணாத ஆத்தா எதுக்கு?"

"நீ எனக்கு இன்னாத்த பண்ணிக் கிழிச்ச? உன்ன வெச்சிகினு இல்ல?"

மோட்டார் வாங்க வந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. நானும் விடவில்லை. "நான் கண்ணு முன்னால உக்காந்துகினு கீறேன். ஆத்தா கீறாளான்னு எப்பிடித் தெரியும்?" என்றேன். அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அது சரிதான்டா. அதுக்கு எனக்குப் பதில் தெரியல" என்றார். தெரியவில்லை என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. எனக்கோ அந்தச் சொல் மைக் முன்னால் வந்ததே இல்லை.

பிறகு அக்காவுக்கு முதுகில் வலி வந்தது. வாயு என்றோம், வேலைக் களைப்பு என்றோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. டாக்டர் மறைக்காமல் சொன்னார்: "அப்படியே விட்டா எப்ப வேணா வெடிக்கலாம். ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கு. ரெண்டையும் சொல்லிட்டேன். பண்றதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்." போகும்போது இன்னொன்றும் சொன்னார். இது ரத்த உறவில் வரக்கூடியது, கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். வேறு யாராவது கூடப் பிறந்தவர்கள் நிற்கிறார்களா என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அன்று என் பகுத்தறிவு, முன் சக்கரத்தில் காற்று இறங்கிய சைக்கிள் மாதிரி ஆனது. மறுநாள் நடுப்பகலில், கூட்டத்து நண்பர்கள் யார் கண்ணிலும் படாதபடி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் தங்கையான அத்தையோடு குப்பத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். ஆபரேஷன் பண்ணலாமா என்று பூ கேட்க. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டவைப்பார்கள். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் நினைத்ததைச் செய்யலாம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். இதைக் கிண்டல் செய்து நான் பேசிய பேச்சுக்குத் திருவொற்றியூரில் ஒருமுறை சால்வை போட்டிருக்கிறார்கள்.

"பூசாரியண்ணே, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏன் நைனா, வேர்க்குதே?"

"காத்துல விழுந்தா கணக்குல வராது."

"ஆத்தாளுக்கே சோதனை வெக்கிறியா?"

"இல்லண்ணே. ஃபேனுக்கு வெக்கிறேன்."

ஃபேன் நின்றது. இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

"இன்னொரு தபா வைங்கண்ணே" என்றேன். வைத்தார். இந்த முறை வலப்பக்கம் விழுந்தது. நான் கோல் போட்டவன் மாதிரி கத்தினேன். அத்தை என் துண்டைப் பிடித்து இழுத்து, "மொதல்ல விழுந்ததுதான்டா வாக்கு. ரெண்டாவது நீ கெஞ்சி வாங்குனது" என்றார். அப்படியானால் மூன்றாவது முறை வைத்துத் தீர்த்துக்கொள்வோம் என்றேன். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "இது இன்னா கேரம் போர்டாய்யா?" என்ற குரல் மட்டும் வந்தது.

மாலைக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு வேறு யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவர் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரிக்கு நானே ஓடினேன். கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெடித்துவிடப் போகிறதே என்று நான் அவர் வாயைப் பொத்தப் போனேன்.

"ரெண்டு தபா ரீடிங் எடுத்துட்டு புடிச்சத எழுதிக்குவியா? எங்க லேபா இருந்தா உன்ன கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருப்பாங்க. நாத்திகன் பூ கேக்குறான், கும்புடறவ வேணான்றா. நம்ம வூட்டுல எல்லாமே தலைகீழ்டா."

"உனக்கு பயமா இல்லியாக்கா?"

"பயமாத்தான் கீது. ஆத்தாவக் கூப்டுகினேதான் கீறேன். அதுக்காவ, கத்தி வெக்கலாமா வேணாவான்னு அவளப் போயி கேப்பனா? படிச்சவரு எதிர்ல நிக்கிறாரு. அவர கேக்காம பூவ கேட்டா, ஆத்தாளுக்கே அது மரியாதை இல்ல." என் சட்டையைப் பிடித்தார். "நான் பூட்டேன்னா, பூ பலிச்சிதுன்னு சொல்லிகினு திரியாத. பொழச்சிட்டேன்னா, பூ பொய்யிடான்னு மைக் புடிக்காத. ஒரே ஒரு தபா நடந்தத வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. புரியுதா?"

புரிந்தது மாதிரி தலையாட்டினேன். ஆபரேஷன் சம்மதப் படிவத்தோடு நின்ற மாமா பக்கம் அக்கா திரும்பி, "போடுய்யா கையெழுத்த" என்றார். "நீ சொல்லு" என்றார் மாமா. "அதான் சொல்லிட்டேனே." மாமா போட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. அக்கா கண் திறந்தார், மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டார். பிறகு காய்ச்சல் வந்தது, சிறுநீரகம் சோர்ந்தது. டாக்டர்கள் வீட்டுக்கே போகாமல் போராடினார்கள். அக்கா திரும்பி வரவில்லை.

காரியத்தன்று பந்தியில் ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று எழுதப் போவதில்லை, இங்கே இருப்பவர்தான். "ஆத்தா வேணான்னு சொல்லியாச்சு. இவன் போயி கையெழுத்துப் போட்டுட்டான்." மாமா அந்த வரிசையில்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அவர் உறவில் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. அம்மன் கோயில் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறார்.

நான் அப்போதே எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்பவன், இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் வேறொன்றுமில்லை. இடப்பக்கத்துப் பூ, இடப்பக்கத்துப் பூ என்று எனக்குள்ளேயும் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. இன்று வரைக்கும் முழுதாக நிற்கவில்லை.

அதற்கப்புறம் நிறைய யோசித்தேன். வலப்பக்கம் விழுந்து அக்கா போயிருந்தால் விதி என்றிருப்போம். இடப்பக்கம் விழுந்து அக்கா பிழைத்திருந்தால் ஆத்தா மனம் இறங்கினாள் என்றிருப்போம். எப்படி நடந்திருந்தாலும் பூவுக்குத் தோல்வியே கிடையாது. இதைக் கும்பிடுகிறவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. டாக்டர் மேல் கேஸ் போடு, ஏதாவது தப்பு நடந்திருக்கும் என்று எங்கள் கூட்டத்து நண்பர் ஒருவரும் விடாமல் சொன்னார். அவர் கையில் எந்த ஆதாரமும் இல்லை. அவருக்கும் பிடித்து நிறுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. கும்பிடுகிறவர்கள் பூவை வைத்து மாமாவைப் பிடித்தார்கள், கும்பிடாதவர் அறிவியலின் பேரைச் சொல்லி டாக்டரைப் பிடித்தார். இரண்டு பக்கமும் பேசியது பயம்தான். கடவுள் நம்பிக்கையும் பகுத்தறிவும் ஒரே தலைக்குள் இருக்க முடியுமா என்று பல வருடம் மைக்கில் கேட்டவன் நான். அக்கா தலைக்குள் அவை இரண்டும் சண்டையில்லாமல் குடியிருந்தன. என் தலைக்குள் பயம் நுழைந்ததும் இரண்டுமே வீட்டைக் காலி செய்துவிட்டன.

இனி பயத்தின் மீதிக் கதை. டாக்டர் சொன்ன சோதனைக்குப் போகாமல் மாதக்கணக்கில் டபாய்த்தேன். வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் முதலில் போய், தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு லீவில் வந்து என் கடை ஷட்டரை இழுத்து மூடி என்னை ஆட்டோவில் ஏற்றினாள். நர்ஸ் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மெஷின் கெட்டுப்போனதோ என்று வேறு மெஷின் கொண்டுவந்தார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது என் குழாய். ஸ்கேனில் அதே இடம், அதே வீக்கம். அதே ஆபரேஷன். இந்த நினைவு நாள் முடிந்து வரும் திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

அத்தை உடனே போன் செய்தார். "பூ வெச்சுப் பாத்துட்டு போவலாம்டா." பொய் சொல்ல மாட்டேன், கோயில் வாசல் வரைக்கும் போனேன். வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குப் பயம் போகப் போவதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன். திரும்பியதிலிருந்து ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்று இன்னொரு பயம் சேர்ந்துவிட்டது. என் நாத்திகத்தின் லட்சணம் இது.

ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் கடவுளும் காரணமில்லை, அறிவியலும் காரணமில்லை. காசிமேட்டுக்குப் போனேன். மாமா ஒரு என்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். வெளியே வந்து கிரீஸ் கையோடு என்னையே பார்த்தார்.

"உன் தோஸ்துங்க இல்ல?"

"அவனுங்க டீக்கு வருவானுங்க மாமா."

"அத்தையக் கேளு."

"அத்தை பூவக் கேக்கும்."

"இன்னொரு தபா நானாடா?"

"நீதான் மாமா."

"நீயும் பூட்டன்னா?" கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். "ஊரு இன்னா சொல்லும் தெரியுமா? ரெண்டு பேரையும் நான்தான்..."

"பூட்டன்னா என் குழாய் வீங்கிப் பூட்டேன். உன் கையெழுத்தால இல்ல. அக்காவும் அப்பிடித்தான் மாமா. இத நான் எழுதி, அச்சடிச்சு, அக்கா படத்தப் போட்டு ஊருக்கே குடுக்குறேன்."

மாமா பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "எத்தினி மணிக்கு வரணும்?"

ஆகவே உறவினர்களே, நீங்கள் கையில் வைத்திருப்பது நான் மாமாவுக்குக் கொடுத்த வாக்கு. அக்காவின் உயிர் போனதற்கு மாமாவின் கையெழுத்து காரணமில்லை. அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டு, யோசித்து, தானே எடுத்த முடிவுக்கு அவர் துணை நின்றார். அவ்வளவுதான்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகளுக்கும், மாற்றி மாற்றி வந்து காவல் இருந்த ஆய்வுக்கூடத் தோழியருக்கும், கேரம் போர்டா என்று கேட்ட அதே பூசாரி அண்ணன் திருநீறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாரே அவருக்கும், சோர்ந்து போகாமல் கடைசி வரை பார்த்த டாக்டர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது இன்னும் கொஞ்சம் கடன் கேட்கிறேன்.

நான் உள்ளே போனதும் மாமா வெளியில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்து யாரையும் கூப்பிட மாட்டார். எனக்காகக் கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. கும்பிடாதவர்கள் சும்மா வாங்கள். யாராக இருந்தாலும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை போடாமல். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து எந்தச் செய்தியைச் சொன்னாலும் சரி, அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.