கிளைட்டனும் ஒரு 'ச்சி'யும்

கிளைட்டன் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தால், தூத்துக்குடி துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் ஒரு முழம் கரைப்பக்கம் நகரும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். கப்பல் நகரவில்லை. அவனுடைய பேக்கரியில் கண்ணாடி அலமாரியின் மேலிருந்த பன் பாக்கெட் ஒன்று கீழே விழுந்தது. அதுவும் ஃபேன் காற்றில் விழுந்ததென்று சொல்கிறவர்கள் உண்டு. இனி வருவதெல்லாம் அப்படியே நடந்தது.

எட்டயபுரம் ரோட்டில் இருக்கிறது அந்தக் கடை. மாமனார் வைத்து நடத்தி, மகள் ஷீஜாவோடு சேர்த்து மருமகன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது. அந்தக் கடை மக்ரூனை நாக்கில் வைத்தால் வைத்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். கிளைட்டனுக்கு வயது நாற்பத்தொன்று. வயிறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சட்டையின் நான்காவது பொத்தான் மட்டும் சற்றுப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. மனிதன் நிம்மதியாகத்தான் இருந்தான், இந்துமதி வருகிற வரைக்கும்.

இந்துமதி கல்லூரியில் படிக்கிற பெண். அன்றைக்கு எதிர்த்த சாரியில் இருக்கிற ஜெபினின் செல்போன் கடையில் நின்று, "அண்ணா, இந்தச் சார்ஜர் சூடாகுது, மாத்தித் தாங்க" என்றாள். பிறகு ரோட்டைக் கடந்து வந்து, "அண்ணாச்சி, கால் கிலோ மக்ரூன்" என்றாள்.

இந்த ஊரில் கடை வைத்திருப்பவர் எல்லாரும் அண்ணாச்சிதான். மரியாதையான சொல். மாமனார் அந்தச் சொல்லைக் கேட்டால் அரை இஞ்ச் உயர்ந்து உட்காருவார். ஆனால் ஜெபினும் கடைதான் வைத்திருக்கிறான். அதைவிட, ஜெபினும் கிளைட்டனும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் அண்ணா, இவன் அண்ணாச்சி! ரோட்டின் அகலத்துக்குள் எத்தனை வருஷத்தைக் கூட்டிவிட்டாள் அந்தப் பெண்? கிளைட்டன் அன்று மக்ரூனை நிறுக்காமலே கட்டிக் கொடுத்தான். அந்தி சாய்ந்ததும் ஜெபினிடம் போய்க் கேட்டான்.

"ஏலே, நீ என்னதான் செய்த?"

ஜெபின் டி-ஷர்ட் கையைச் சுருட்டிக் காட்டினான். "ஜிம்முக்குப் போறேம்லே. உனக்குத்தான் கேக்கு வாசமே சோறாச்சே."

மறுநாளே கிளைட்டன் ஜிம்மில் சேர்ந்தான். 'ச்சி' என்ற அந்த ஒற்றை எழுத்தை (இரண்டு எழுத்து என்று இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம்) உடம்பிலிருந்து உதிர்ப்பதே நோக்கம். ஜிம் மாஸ்டர் ஜெயகணேஷ் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்கருவாகத் தின்னச் சொன்னார். மஞ்சள்கரு கூடவே கூடாது.

வேறு எந்தத் தொழில்காரன் வீட்டிலும் இதனால் கலகம் வந்திருக்காது. மக்ரூனுக்கும் வெள்ளைக்கருதான் வேண்டும். வெள்ளைக்கருவைச் சீனி போட்டு நுரைக்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் காயவிடுவது. ஷீஜா உடைத்து வைக்கிற வாளியில் கிளைட்டன் ஒரு சொம்பை விட்டு மோந்துகொண்டு போனான். முதலில் ஒரு சொம்பு. நெஞ்சு கொஞ்சம் தட்டுப்படத் தொடங்கியதும் இரண்டு சொம்பு. மிஞ்சிய மஞ்சள்கரு கேக்கில் போய், பிஸ்கட்டில் போய், கடைசியில் வீட்டுக் குழம்புக்குள்ளும் வந்து விழுந்தது.

"இங்கேருங்க, இந்த வாளி மக்ரூனுக்கா, உங்க மாருக்கா? ஒண்ணு சொல்லுங்க" என்று ஷீஜா கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும்? புரோட்டீன் டீ, புரோட்டீன்."

கடைக்கு வாடிக்கையாக வருகிற தாணுலிங்கம் சார், பாங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, மக்ரூன் மெலிஞ்சிக்கிட்டே வருது, நீங்க ஊதிக்கிட்டே வாரீய?"

கிளைட்டனின் காதில் விழுந்தது அதில் ஒரே ஒரு சொல்தான்.

அதற்குள் அவன் நடையே மாறிவிட்டது. இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு பன் ரொட்டியை இடுக்கியது போலக் கைகள் உடம்போடு ஒட்டாமல் நின்றன. சம்பந்தமில்லாத நேரத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, ஸ்பாஞ்ச் கேக் வைத்திருக்கிற கண்ணாடியில் தன்னையே பார்த்தான். முதுகு அரித்தால் கை எட்டவில்லை. கரண்டிக் காம்பு வேண்டியிருந்தது. மைதா மூட்டையைத் தூக்கச் சொன்னால் மட்டும், "இன்னைக்கு எனக்குக் காலுக்குப் பயிற்சி நாள், முதுகை அசைக்கக் கூடாது" என்பான். மூட்டையை ஷீஜா இழுத்துக்கொண்டு போவாள்.

இத்தனைக்கும் பிறகு இந்துமதி வந்தாள். "அண்ணாச்சி, பப்ஸ் இருக்கா?"

அவன் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தான். ஜெயகணேஷ் யோசித்துச் சொன்னார்: "விளாத்திகுளத்துல மாவட்ட ஆணழகன் போட்டி வருது. ஒரு கப்பை வாங்கிக் கடையில வச்சிட்டீங்கன்னா, அப்புறம் எவன் உங்கள அண்ணாச்சிங்கப் போறான்?"

அவ்வளவுதான். கிளைட்டனுக்கு அந்தக் கப்பில்தான் இனி உயிர். போட்டிக்குமுன் உப்பை நிறுத்தச் சொன்னார் மாஸ்டர், நிறுத்தினான். கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம் வெளுத்துக் கிடக்கிற ஊரில் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, அழுகிற முகத்தோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். தண்ணீரையும் குறைத்தான். கல்யாணமான நாளிலிருந்து முகம் வெளுக்கக் கிரீம் தடவி வந்தவன், மேடையில் தசை எடுப்பாகத் தெரிவதற்காக உச்சி முதல் பாதம் வரை கறுப்புச் சாயம் பூசிக்கொண்டான். கிரீமுக்கும் காசு, சாயத்துக்கும் காசு. ஆண்டவர் கொடுத்த நிறம் மட்டும் எந்தக் காலத்திலும் அவனுக்கு உதவவில்லை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். சமையல் கட்டில் ஆண்கள் வரிசையாக நின்று ஒருவர் முதுகில் ஒருவர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். ஷீஜாவும் வந்திருந்தாள், விழாக்காரர்களுக்கு ஒரு டப்பா மக்ரூனோடு. இளைஞர் பிரிவு முடிந்தது. கிளைட்டனைக் கூப்பிடவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்து நாற்பது வயதுக்கு மேற்பட்ட மூத்தோர் பிரிவு! அண்ணாச்சிமார் எல்லாம் மேடைக்கு வரவும்!"

கிளைட்டன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"நான் ஏறமாட்டேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலியெல்லாம் சாயம். பிறகு ஷீஜாவின் மடியிலிருந்த டப்பாவைத் திறந்தான். மாதக்கணக்காக இனிப்பைத் தொடாத வாய். ஒன்று, அதன்மேல் ஒன்று, பிறகு கையில் அகப்பட்டதெல்லாம்.

ஷீஜா டப்பாவைப் பிடுங்கி மூடினாள். "எந்திங்க! எங்கப்பா கடை மக்ரூனைக் கெடுத்து வளத்த உடம்பு இது. ஊரு பாக்காம வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டேன். ஏறுங்க மேல!"

ஏறினான். கறுத்த முகத்தில் உதட்டைச் சுற்றி மட்டும் வெள்ளையாக மக்ரூன் தூள். அவன் கையை மடக்க, சனம் சிரிக்க, சிரிப்பை ஆரவாரமென்று நினைத்து அவன் இன்னும் மடக்க, இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு கயத்தாற்றிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஏட்டையாவுக்கு. மூன்றாம் பரிசு கொடுக்க அந்தப் பிரிவில் ஆள் இல்லை.

கப் இப்போது கடையில் பிளம் கேக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் என்ன பிரிவு என்று எழுதியிருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது.

அடுத்த வாரம் இந்துமதி வந்தாள். கிளைட்டன் கப் தெரியும்படி ஒதுங்கி நின்று, "இந்தாம்மா, ருசி பாரு" என்று கொழுத்த மக்ரூன் ஒன்றை நீட்டினான். அவள் கப்பைப் பார்த்தாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். கண்கள் அகல விரிந்தன. இரும்புக் கம்பியெல்லாம் தூக்கி இறக்கியதற்கான கூலி அந்த நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. "அண்ணா!" என்றாள், "கால் கிலோ!" கிளைட்டன் அரைக் கிலோ கட்டிக் கொடுத்தான். மறுநாளிலிருந்து ஜிம்முக்குப் போவதை நிறுத்திவிட்டான். வெற்றி பெற்றவன் எதற்குப் போக வேண்டும்?

கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்த இதையெல்லாம் உள்ளே முட்டை உடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஷீஜா, கையைத் துடைத்தபடி வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சி, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும். அந்தப் பிள்ள 'அண்ணாச்சி'ன்னுதான் சொல்லிச்சு. வாய் நிறைய மக்ரூன் இருந்துச்சா, 'ச்சி' அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. எங்க வீட்டுக்காரங்க வாராங்க பாருங்க, வாயத் திறந்துராதீங்க. இப்பதான் வாளி ரொம்பியிருக்கு."