பாரணை இல்லாத நோன்பு

ஐங்கரனே, அவன் இளவலாகிய வேலவனே! வயிற்றில் தீயை வைத்து, அதை ஆற்ற அன்னத்தையும் படைத்த பேரருளே! இதை எழுதி முடிக்கும்வரை உடனிருந்து அருள்க.

பங்குனி உத்திர நன்னாளாகிய இன்று, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் அமர்ந்து என் இளைய மகளைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு அவள் ஒரு மண்டலம் விரதம் இருந்தாள். நாளுக்கு ஒருவேளைதான் உணவு. பத்துமலை முருகன் கோயில் படியேறி நேர்த்திக்கடனைச் செலுத்தினாள். ஆயினும் விரதம் முடியவில்லை. மாசியிலும் ஒருவேளையே உண்டாள்; பங்குனியில் அதுவும் பாதியாயிற்று. வேலைக்குப் போகுமுன் வீட்டருகே உள்ள முருகன் கோயிலை வலம்வரத் தொடங்கினாள். உணவு குறையக் குறைய வலம் கூடிற்று. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் என்னிடம் வியந்தார்.

"அங்கிள், உங்க மக முகத்துல என்ன களை பாருங்க! இந்தக் காலத்துப் பிள்ளை மாதிரியே இல்லலா!"

என் உள்ளம் குளிர்ந்தது.

மூத்தவள் பக்கத்து நகரான கிள்ளானில் குடியிருக்கிறாள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மூளையை ஆராய்பவள். சித்திரையில் வந்தவள், தங்கையைக் கண்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள். பிறகு என்னைத் தனியே அழைத்தாள்.

"அப்பா, இது விரதம் இல்ல. சாப்பாட்டு நேரத்தைக் குறைச்சுட்டு, கூண்டுல ஒரு சக்கரம் வெச்சா எலி என்ன பண்ணும் தெரியுமா? ஓடும். சாப்பாடு வெச்ச பிறகும் சரியாச் சாப்பிடாம ஓடும். நாங்க எடுத்து வெளிய வைக்கலன்னா செத்தே போயிரும்."

"முருகனைச் சுத்துறவளும் எலியும் ஒண்ணா உனக்கு?"

"எலிக்கு வேண்டுதல் கிடையாதுப்பா. அப்ப அது எதுக்கு ஓடுது?"

பட்டினியில் எலியின் மூளை சுருங்குவதையும், நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்கள் குறைவதையும் அவள் விளக்கினாள். மனிதருக்கும் வரும் இந்நோய்க்குப் பசியின்மை என்று பெயரிட்டிருக்கிறார்களாம். ஆனால் பசி இருக்கவே செய்கிறது, அதற்கு இணங்கும் வழிதான் அடைபடுகிறது என்றாள்.

நான் நம்பவில்லை. நோன்பென்றால் அதற்குப் பாரணை உண்டு. இறைவன் திருமுன் முதற்கவளம் உண்டு நோன்பை நிறைவுசெய்வது. என் மகள் பக்தையாயின் பாரணையை மறுக்கமாட்டாள். வைகாசி விசாகத்தன்று, சந்நிதியில் படைத்த சர்க்கரைப் பொங்கலை அவள் கையில் வைத்து, "முருகன் குடுத்தது. முடிச்சுக்கம்மா" என்றேன்.

கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயருகே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"சாமி கோச்சுக்குமாப்பா?" என்று கேட்டு அழுதாள். "எனக்கும் சாப்பிடணும்னுதான் இருக்கு. வாய் திறக்க மாட்டேங்குது."

பொங்கலை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு மீண்டும் வலம்வரப் போனாள். இறைவன் தந்ததையும் உண்ணவிடாத ஒன்று அவளுக்குள் இருந்தது. அந்தச் சுற்று முடியுமுன் சுவரோரம் சரிந்தாள்.

மருத்துவமனையில் மூக்குவழியே குழாய் செருகினார்கள். இதயம் எந்நேரமும் நின்றுபோகலாம் என்றார் மருத்துவர். எழக்கூட வலுவில்லாதவளின் பாதங்கள் போர்வைக்குள் ஓயாமல் அசைந்தன. மூத்தவள் அவற்றைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மூளை பழையபடி ஆகுமா?" என்றேன்.

"எடை ஏறினா பெரும்பாலும் திரும்பிடுதுப்பா. எலியில பாத்திருக்கோம்."

"நான் உன் தங்கச்சியைக் கேட்டேன்."

மூத்தவள் தங்கையின் பாதங்களை இன்னும் இறுகப் பற்றினாள்.

மாதங்கள் பல கழிந்து வீடு திரும்பிய இளையவள், இன்று காலை என் எதிரே அமர்ந்து, வெகுநேரம் எடுத்து, பாதி இட்லி உண்டாள். அதையே பாரணையாகக் கொண்டு கைகூப்பினேன். மேசைக்கடியில் அவள் கால்கள் அசைந்துகொண்டிருந்தன.

இதை வாசிக்கும் யாவர்க்கும் பசித்த வேளையில் அன்னம் கிட்டுக. கிட்டிய அன்னத்தை ஏற்க வாய் திறக்குக. சுற்றிக் களைத்த கால்கள் வேலவன் திருவடியில் இளைப்பாறுக.