நாவலுக்கு இரங்கியவர்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் எங்களுக்கு, வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்காக, ஆங்கில இலக்கியம் படிப்பித்த சேர் உயரமானவர், மெலிந்தவர். விக்டோரியா காலத்து நாவல் ஒன்றில், ஒருவனால் ஏமாற்றப்பட்ட பெண்ணை ஊரே ஒதுக்கும் இடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “அவளில ஒரு பிழையும் இல்லை” என்பார்.

எங்களோடு படித்த ஒருத்தியைக் கலியாணம் கட்டுவதாகச் சொல்லிக் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து வைத்திருந்தவன், சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து அவள் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். சேர் வாசலிலேயே மறித்தார்.

“இனி வராதேங்கோ, பிள்ளை. மற்றப் பிள்ளையளின்ர தாய் தகப்பன் கதைக்கினம்.”

“நான் என்ன பிழை செய்தனான், சேர்? அந்தப் பெட்டையில பிழையில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அது நாவல், பிள்ளை” என்றார், மிகவும் அன்பாக.

அவள் எங்களைப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. அவள் படியிறங்கிப் போனதும் சேர் கதவைச் சாத்திவிட்டு வந்து குறிப்புச் சொல்லத் தொடங்கினார்.

“எழுதுங்கோ. கதாநாயகியை அழிச்சது விதியில்லை. அவளைச் சுற்றியிருந்த நல்ல மனிசர்தான்.”

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தான் சொன்னது அவருடைய காதிலேயே விழவில்லையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.