சின்யோராவின் புதுத் துப்பாக்கி

இத்தாலியின் சியாகுல்லி ஊரில் மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டினால் ஒரு துப்பாக்கி சுடும் களம். சின்யோரா என்று எல்லோரும் அழைக்கும் எழுபது வயது அம்மையார், தான் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கிறார். அவர் வீட்டில் வேலை செய்யும் இலங்கை மன்னார்க்காரர் அந்தோனி அண்ணன், சின்யோராவின் கைப்பையோடு என் பக்கத்தில் நிற்கிறார். சென்னையிலிருந்து வந்த நான் ஒவ்வொரு வெடிக்கும் துள்ளுகிறேன். அண்ணன் கொட்டாவி விடுகிறார். எல்லாக் குண்டுகளும் மண்மேட்டுக்குள் போகின்றன. இலக்கு அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இந்த வயசுல இது எதுக்குண்ணே?"

"கள்ளர் பயம். வெளிநாட்டுக்காரர் கூடிட்டினமாம்."

"நீங்களும் வெளிநாட்டுக்காரர்தானே?"

"நானும் அதைத்தான் கேட்டனான். நீ வீட்டுப் பிள்ளை எண்டவ."

சின்யோரா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அண்ணனிடம் நீட்டுகிறார்.

"சாவி உங்ககிட்டயா இருக்கும்?"

"ஓம். தன்னட்டை இருந்தா துலைச்சுப்போடுவாவாம்."